பயம் எங்கே?

புதிய பேய் வீடியோ கேமுக்கு மூட்போர்டு, அதாவது மாதிரிப் படப் பலகை, தயாராகிக்கொண்டிருந்தது. பயமுறுத்தும் படங்களாகக் கொண்டுவந்து பலகையில் குத்தச் சொல்லியிருந்தார் மேனேஜர். மண்டையோடு, ரத்தம் சொட்டும் கை, பாழடைந்த பங்களா என்று பலகை நிறைந்துவிட்டது. கடைசியாக வந்த, அங்கே ஓவியம் வரையும் பெண் ஒரே ஒரு போட்டோவைக் குத்தினாள். சாத்திய கதவு, அதன் வெளியே ஒரு ஜோடி ஆண் செருப்பு.

"என்னம்மா இது, வீடு வாடகைக்கா?" என்றார் மேனேஜர். அறையே சிரித்தது.

"பயமா இல்லையா சார்?"

"செருப்பைப் பார்த்து எவன் பயப்படுவான்? போன மாசம் கேடயம் வாங்கினவ நீ. உன்கிட்ட இதையா எதிர்பார்த்தேன்?"



காலி கப்புகளை எடுக்க வந்த துப்புரவுப் பெண் பலகையை ஏறிட்டுப் பார்த்தாள். மண்டையோட்டைத் தாண்டி, ரத்தத்தைத் தாண்டி, அவள் கண் செருப்பில் வந்து நின்றது. கையிலிருந்த கப்புகளைச் சத்தம் வராதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கவுந்து கிடக்கே..." குரல் தானாக இறங்கியது. "குடிச்சிட்டா வந்திருக்காரு?"

ஓவியப் பெண் தலையாட்டினாள்.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றது. "இது... எங்கேம்மா எடுத்தே?"

"எங்க வீட்டு வாசல்ல சார். நேத்து."

மணி ஆறடித்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் மட்டும் வழக்கம்போலத் தன் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

மேசைமேல் இருந்தது மேனேஜர் கொடுத்த கேடயம். 'வீட்டையே மறந்து உழைப்பவர்' என்று அதில் எழுதச் சொன்னதும் அவர்தான்.