திரும்பி வர ஒரு வீடு

மகளின் தலைப்பிரசவத்துக்குத் துணையாகப் புரட்டாசியில் ஒசாகா போய், மார்கழியில் திரும்புவதாகத் திட்டம். லேகியம்கூடக் கிளறி வைத்துவிட்டுத்தான் செங்கமலம் சென்னை விசா அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

கவுன்டர் பெண் திரையைப் பார்த்தாள்.

“திரும்பிப் போக வீடு இருக்கறவங்களுக்குத்தான் விசாம்மா. மார்கழியில உங்க வீடு இருக்காது. ஐப்பசிப் புயல்ல போயிடுது.”

“இன்னும் ஆவணியே முடியலையேம்மா.”

“கணிப்பு ஒருதடவைகூடத் தப்பினதில்ல. ஊருக்கு இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லக்கூடாது.”

கடலூர் திரும்பியபோது, கணவர் தணிகாசலம் கூரைமேல் குந்திக் கடைசி வரிசை ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

“இனி பத்து வருஷத்துக்கு ஒழுகாது. விசா என்னாச்சு?”

“கெடைக்கல.”

“ஏனாம்?”

செங்கமலம் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பாத்து எறங்குங்க.”