மாத்திரைக்குப் பின் ஜெபமாலை

இந்த மாத்திரை வலிப்பை நிறுத்திவிடும், ஆனால் பத்தில் நான்கு பேருக்குக் கடவுள் நம்பிக்கையும் போய்விடுகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“அஞ்சு தலைமுறையா மாதா கோயில்ல மணி அடிச்ச குடும்பம் டாக்டர். எனக்கெல்லாம் போகாது” என்று சிரித்துக்கொண்டே ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். மகள் டெல்சியின் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கும்போது வலிப்பு வந்து விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது.

மூன்று மாதமாக வலிப்பு இல்லை. கண்ணை மூடினால் எப்போதும் எதிரே நிற்கும் மாதாவும் இல்லை.

சாயங்காலம் டெல்சி ஜெபமாலையோடு முழங்காலிட்டு, “ஆரம்பிம்மா” என்றாள்.

“சும்மா வாயாலயாவது சொல்லிரு ஜெசி. பிள்ள பாத்துட்டிருக்கா” என்று கணவன் கிளைவ் காதோரம் முணுமுணுத்தான்.

“ஒரு நாளாவது நான் சும்மா வாயால சொல்லியிருக்கேனா?”



ஜெசிந்தா மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மாவால இப்ப சொல்ல முடியல, பிள்ள. நீ சொல்லு. நான் கூடவே இருக்கேன்.”

“நான் சொன்னா மாதாவுக்குக் கேக்குமா?”

“அது எனக்குத் தெரியல. எனக்குக் கேக்கும்.”

டெல்சி முழங்காலிட்டபடியே அம்மாவை ஒட்டி நகர்ந்தாள்.

“அப்ப சத்தமா சொல்றேன்” என்று சிலுவை அடையாளம் போட்டாள்.