பிந்தித் தட்டிய கை

‘ஜூன் 9. “யானை” என்று பாடும்போது இன்றும் கையைப் பிந்தித் தட்டினேன். தவறு என்னுடையதுதான்.’

பாட்டும் தாளமுமாகக் கைக்குழந்தைகளுக்குச் சொற்களைப் பழக்கும் மாலை வகுப்பு அது. அவள் மடியிலிருந்த பாப்பாவும் பிந்தியே தட்டிவிட்டுச் சிரித்தாள்.

“அம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா,” என்றார் டீச்சர். “சொல்லும் தட்டும் சேர்ந்தாத்தாம்மா பின்னாடி எழுத்து சுலபமா வரும்.”

“மாத்தித் தட்டினா மிரண்டுபோய் அழறா, டீச்சர்.”

“மெதுவா மாத்து. அவ எங்க ஓடிடப் போறா?”

அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்ததும், பாப்பாவை வளர்க்கக் கொடுத்தபோது காப்பகத்தில் தந்த பையிலேயே அவளுடைய சட்டைகளை மடித்து வைத்தாள். பிறகு டைரியில் எழுதினாள்:

‘நாளை காலை: பாப்பாவைத் தத்தெடுத்துப் போக வரும் அம்மாவுக்கு, “யானை”க்குக் கையைப் பிந்தித் தட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.’