கை படாத அறை

"மூவாயிரம் வருஷமா மனுஷக் கை படாத அறை இது" என்று தொல்லியல் ஆய்வாளர் பேச்சை முடித்ததும் அரங்கம் கைதட்டியது.

கடைசி வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். "தம்பி, அந்த அறையோட தரையில நாணயம் ஏதாவது கிடைச்சுதா? இந்தக் காலத்து நாணயம்."

ஆய்வாளர் முன்வரிசையைப் பார்த்தார். குழி தோண்டி மூடுகிற ஆய்வாளர்கள், 'இங்கே ஏற்கெனவே தோண்டியாயிற்று' என்பதற்கு அடையாளமாக அந்த வருஷத்து நாணயம் ஒன்றை அடியில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். ஆமாம் என்றால் கண்டுபிடிப்பு அவருடையதில்லை. முன்வரிசை முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் வேறு.

"இல்லீங்கம்மா."

"நல்லாத் தேடினீங்களா?"

"மண்ணைச் சல்லடை போட்டே சலிச்சாச்சு." தூக்கியெறிய மனம் வராமல் சட்டைப்பையில் வைத்திருந்த அந்த நாணயம் கனத்தது.

அம்மாளின் முகம் வாடியது. "அப்போ அது வேற இடம் போல. என் வீட்டுக்காரரும் உங்க தொழில்தான். 'தரைக்கல்லை லேசா நகர்த்தினேன், அடியில படிக்கட்டு இறங்குது. அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு, நாணயத்தை வச்சு மூடிட்டேன். அதைப் பார்க்கிறவன் கல்லைத் தூக்கட்டும், பேரையும் அவனே வாங்கிக்கட்டும்'னு சொல்லிட்டே இருப்பார். போன வருஷம் போயிட்டார்."

ஆய்வாளர் தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

"சார், அந்த அறையை ஜனங்க எப்போ பார்க்கலாம்?" என்றார் ஒரு பத்திரிகைக்காரர்.

"நாளையிலிருந்து" என்று மேடையிலிருந்த துறைத் தலைவர் பெருமையாக முந்திக்கொண்டார். "இனிமே யாரும் கிளறிடக் கூடாதுன்னு, தரை முழுக்க காங்கிரீட் போட வச்சதே இவர்தான்."