கடைசி வருகைப்பதிவு

"படிப்பை விட்டா என்னடி, பாட்டு கேக்கறதையுமா விட்டுட்ட?" என்று பூங்கோதை அக்கா ஒருமுறை என்னைக் கேட்டார். பாடகி மஞ்சரியின் இணைய ரசிகர் மன்றத்தில் ஆறு வருடமாக அவர்தான் என் ஒரே தோழி.

மன்றம் இன்று மூடப்படுகிறது. வர முடியாத உறுப்பினருக்காக அவரைப் போலவே எழுதும் கணினிப் பதிலிகள் அங்கே உண்டு. "கடைசி வருகைப்பதிவுக்கு ஆளே வரணும். நாலு மணிக்குப் பதிலியெல்லாம் நின்னுடும்" என்று நிர்வாகி அறிவித்திருந்தார். அக்காவிடம் விடைபெற நான் முன்னதாகவே வந்து காத்திருந்தேன்.

நான்கு மணிக்குத் திரையில் நானூறு பெயர்கள் அணைந்தன. நிர்வாகியின் பெயரும் அணைந்தது. என் பெயரும் அக்காவின் பெயரும் மட்டுமே எரிந்தன.

"அக்கா! பயந்தே போயிட்டேன்."

"நான் அவங்க மகன்மா. அம்மா தவறி எட்டு வருஷமாச்சு. அவங்க பதிலியை நிறுத்த எனக்கு மனசு வரல."

நான் எழுதினேன்: "ஒரே ஒரு நிமிஷம் அதைத் திரும்பப் போடுங்கண்ணே. சொல்லிட்டுப் போயிடுறேன்."

அக்காவின் பெயர் அணைந்து மறுபடி எரிந்தது.

"வந்துட்டியாடி? என்ன, இன்னைக்கு ஒருத்தரையும் காணோம்?"

பதிலுக்கு ஒரு எழுத்துகூட எழுதாமல் நான் வெளியேறினேன்.