தேவிபட்டினத்தார் விசாரித்தார்கள்

"தேவிபட்டினத்துக்காரக பொண்ணு வேண்டாம்னுட்டாகய்யா" என்றபடி தரகர் உள்ளே வந்தார்.

கோட்டைச்சாமியின் மீசை துடித்தது. சாயல்குடியில் மூன்று தலைமுறையாகப் பெயர் கெடாத வீடு. அந்த வீட்டுப் பெண்ணை வேண்டாம் என்பதா?

"எவன் என்னத்தச் சொன்னான்?"

"உங்க பேரனைப் பாத்துக்கிற புள்ளைகிட்ட விசாரிச்சாகளாம்."

நாகஜோதி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள்.

"ஏத்தா, என் மகளைப் பத்தி என்ன சொன்ன?"

"ஒண்ணுமே சொல்லலய்யா. குணம் எப்படின்னு கேட்டாக. வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாக."

"எவன்ட்ட கையெழுத்துப் போட்ட?"

"உங்ககிட்டதான்யா. வேலைக்குச் சேந்தன்னைக்கு ஒப்பந்தம்னு முத்திரைத்தாளை நீட்டுனீகளே. வீட்டு மானம் முக்கியம்னு..."

"நல்லதைச் சொன்னா என்ன?"

"அதையும் அன்னைக்கே கேட்டேன்யா. நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்கக் கூடாதுன்னு, நீங்கதான் ஒரு வரி சேத்து எழுதுனீக."

கோட்டைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் தானாகத் தாழ்ந்தது.

"சரித்தா. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"அதான் கையெழுத்துப் போட்டிருக்கேனேய்யா."

வாசலில் தரகர் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.