ஒரு கட்டி இறால்

"யாரோ எக்ஸ்ட்ராவா தீனி போட்டுக்கினு கீறாங்க சார்" என்றான் ஜான்சன், தண்ணீர் சோதித்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "லைட்டைக் கொறைச்சாச்சு, தண்ணி மாத்தியாச்சு. அப்பவும் பாசி இப்டி வளருதுன்னா வேற இன்னா?"

ஜான்சன் அடையாறில் வண்ண மீன் கடை வைத்திருப்பவன். வீடு வீடாகப் போய்த் தொட்டிகளையும் பார்த்துக்கொள்கிறவன்.

கோபாலுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நான் ஒரு சிட்டிகைக்கு மேல போடறதில்லையேப்பா."

மகன் ஸ்ரீஹரிக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து மனுஷர் வெளியே போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்டையும் வந்த வேகத்தில் விரட்டிவிட்டார். அவருக்கென்று மிச்சம் இருப்பது ஹாலில் ஆளுயரத்துக்கு நிற்கும், மீன்களும் உயிருள்ள பவளமும் வளரும் இந்தக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். அதையும் பாசி மூடிக்கொண்டு வருகிறது. இப்படியே போனால் பவளம் மூச்சு முட்டிச் செத்துவிடும், தொட்டியைக் கலைக்க வேண்டியதுதான்.

"பாசி துன்ற நத்தை கீது சார். நாலு வுட்டா மேஞ்சிட்டுப் பூடும்" என்றான் ஜான்சன்.

"நத்தையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்!" சமையலறையிலிருந்து அம்மா சீதாவின் குரல் பாய்ந்து வந்தது. "நம்மாத்துல மீன் இருக்கறது போறாதா?"

லிஃப்ட் வரை வழியனுப்பப் போன ஸ்ரீஹரியிடம் ஜான்சன் குரலைத் தாழ்த்தினான். "வூட்ல யாருக்காச்சும் தொட்டி புடிக்கலையா சார்?"

ஸ்ரீஹரி முதலில் பாத்திரம் தேய்க்க வரும் அங்காளம்மாளைக் கேட்டுப் பார்த்தான். "எனக்கு மீன்னா கொழம்புச் சட்டில கீறதுதான் சார் தெரியும்" என்று அவள் சிரித்தாள்.

மிச்சம் இருப்பது அம்மாதான்.

அம்மாவுக்கும் இந்தத் தொட்டிக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. மயிலாப்பூர் ஆசாரம், லேசுப்பட்டதா? மீன்களுக்கு உறைய வைத்த இறால் கட்டி வேண்டும் என்று அப்பா சொன்ன அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. "அந்தக் கண்றாவி என் ஃப்ரிட்ஜுக்குள்ள வந்தா நான் வெளியில போறேன்" என்று அம்மா நின்றாள். பால்கனியில் தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வந்த பிறகுதான் சமாதானம். அதற்குப் பிறகு துணி உலர்த்தக்கூட அவள் அந்தப் பக்கம் போய் அவன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தான் குடியிருக்கும் நங்கநல்லூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான் ஸ்ரீஹரி. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பா குளிக்கிற சத்தம்.

தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள் அம்மா. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியில் இருந்த இறால் கட்டியைத் தண்ணீருக்குள் போட்டாள்.

"அம்மா!"

"மெதுவாடா! அப்பா காதுல விழப்போறது."

"விழட்டும். அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இத்தனை வருஷம் கழிச்சுப் பழி தீர்த்துக்கறயா?"

"உளறாதே." அம்மா இறங்கி வந்து வாஷ்பேசினில் கையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "இதைத் தொட்ட தோஷத்துக்கு தினம் இன்னொரு தரம் தலைக்கு ஸ்நானம் பண்ணிண்டிருக்கேன். ஆசைப்பட்டா பண்றேன்?"

"பின்னே எதுக்கு? வேண்டாம், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கே ஜான்சனை அழைச்சுண்டு வந்து தொட்டியை எங்காத்துக்குத் தூக்கிண்டு போயிடறேன்."

அதுவரை அசராமல் நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஹரி, அதை மட்டும் பண்ணிடாதேடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இடது கையில் தடியை ஊன்றிக்கொண்டு கோபால் வந்தார். தொட்டிக் கண்ணாடியில் படர்ந்த பாசியைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சனியனே! முந்தாநேத்துதானேடா உன்னைச் சுரண்டினேன்!"

கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தேய்க்கும் காந்தச் சுரண்டியை எடுத்தார். இடது கையைத் தடியிலிருந்து எடுத்தால் விழுந்துவிடுவார். அதனால் வலது கைதான்.

கை நடுங்கியபடியே கண்ணாடியில் ஊர்ந்தது. இடுப்பு உயரம். மார்பு உயரம். அங்கே ஒரு நிமிஷம் நின்றது. "உன்னை விடறேனா பார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினார். தோளையும் தாண்டி மேலே போனது.

ஸ்ரீஹரி அப்படியே நின்றுவிட்டான். சாப்பாட்டுத் தட்டுவரை கூட வராத கை அது.

"பந்தைப் பிடிச்சு அமுக்குங்கோன்னா விட்டெறிஞ்சார். கையைத் தூக்குங்கோன்னா, இனிமே தூக்கி என்ன ஆகணும்கறார்" என்று கிசுகிசுத்தாள் அம்மா. "பாசியைக் கண்டா மட்டும் ரோஷம் வந்துடறது. நான்தான் போடறேன்னு தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடுவார். சொல்லிடாதேடா."

"பவளமெல்லாம் போயிடுமேம்மா."

"போனா வேற வாங்கிக்கலாம்."

அம்மாவின் பார்வை அந்தக் கையை விட்டு நகரவில்லை.

"தலையைத் தானே வாரிக்கற அளவுக்காவது கை எட்டணுமோல்லியோ? பாசி இன்னும் ஒரு சாண் மேல ஏறணும்டா."